பிரேக் மிதிக்க ஓர் ஆள்

"மிதி."

மிதித்தேன்.

"பிடி. விட்டுராத."

பிடித்துக்கொண்டேன். என் காலுக்கடியில் பெடல் மெல்ல மெல்லத் தரைக்கு இறங்கியது. காருக்கு அடியில் ஸ்பேனர் திரும்புகிற சத்தம் கேட்டது.

"ம், விடு."

விட்டேன். அவ்வளவுதான். திரும்பவும் முதலிலிருந்து.

உப்பளத்துத் தகரக் கொட்டகைக்குள் கார் நிற்கிறது. வெளியே கண் கூசுகிற வெள்ளையில் உப்புக் குவியல்கள். டிரைவர் சீட்டில் நான், செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு, சேலையைக் கொஞ்சம் தூக்கிச் செருகிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். என் வீட்டுக்காரர் பின்சக்கரத்துக்குப் பக்கத்தில் மல்லாந்து கிடக்கிறார். அவர் முகம் எனக்குத் தெரியாது, என் முகம் அவருக்குத் தெரியாது. குரல் மட்டும் வரும், அதுவும் அந்த மூன்று சொற்களில்.

கல்யாணமான புதிதில் நாங்கள் இரண்டு பேரும் பேசிக்கொண்டதிலேயே நீளமான பேச்சு இதுதான் என்றால் நம்புவீர்களா? நான் மிகைப்படுத்தவில்லை. வேறு எப்போது பேசினோம் என்று இன்று உட்கார்ந்து யோசித்துப் பார்த்தாலும், "சாப்பாடு வைக்கட்டுமா", "ம்" என்பதற்கு மேல் ஒன்றும் நினைவுக்கு வரவில்லை.

உப்பு விற்கிறவருக்குப் பந்தயம் எதற்கு?

போன வாரம் இந்தப் பத்தியில், என் வீட்டுக்காரருக்குக் கார் பந்தயப் பைத்தியம் என்று போகிற போக்கில் ஒரு வரி எழுதிவிட்டேன். உப்பு விற்கிறவருக்குப் பந்தயம் எதற்கு என்று வாசகர்கள் சிலர் கேட்டிருக்கிறார்கள். நல்ல கேள்வி. நானும் அதைத்தான் வருடக் கணக்காகக் கேட்டுக்கொண்டிருந்தேன்.

மெட்ராசுக்கு வெளியே, உலகச் சண்டைக் காலத்தில் போட்ட பழைய விமான ஓடுதளம் ஒன்று உண்டு. வருடத்துக்கு ஒரு தடவை, பனி விலகி வெயில் ஏறத் தொடங்கும் நாட்களில், அங்கே கார்ப் பந்தயம் நடக்கும். அவர் கல்லூரியில் படிக்கும்போது யாரோ கூட்டிக்கொண்டு போய்க் காட்டியிருக்கிறார்கள். அத்தோடு பைத்தியம் பிடித்துக்கொண்டது. ஊருக்கு வந்து தன் அப்பாவோடு உப்பளத்தைப் பார்த்துக்கொண்டாலும், பழைய ஹெரால்டு கார் ஒன்றை வாங்கிப் போட்டுவிட்டார். நான் அந்த வீட்டுக்கு வருவதற்கு முன்பே கார் வந்துவிட்டது. மூத்தவள் அவள்தான்.

எனக்குச் சொந்த ஊர் ஏரல். அப்பாவுக்குக் கடைத்தெருவில் பாத்திரக் கடை. மாப்பிள்ளை பந்தயத்தில் கார் ஓட்டுவார் என்று தரகர் பெருமையாகச் சொன்னபோது, அப்பா வெற்றிலையை மென்றுகொண்டே, "ஓட்டுதது இருக்கட்டும், நிப்பாட்டத் தெரியுமா?" என்று கேட்டாராம். எல்லாரும் சிரித்திருக்கிறார்கள்.

அப்பா விளையாட்டாகக் கேட்டதுதான் என் வீட்டுக்காரருக்கு வேதம். "அங்கன வேகமா போறவன் ஜெயிக்க மாட்டான். எல்லாவனும்தான் வேகமா போவான். திருப்பத்துல கடைசி வரைக்கும் பிரேக்கத் தொடாம போயி, தொட்டவொடன நிக்கணும். அவன்தான் ஜெயிப்பான்" என்று ஒரு நாள் சொன்னார். என்னிடம் இல்லை. உப்பு ஏற்ற வந்த லாரி டிரைவரிடம். நான் மோர் கொடுக்கப் போனபோது காதில் விழுந்தது.

மணப்பாட்டில் ஒரு பகல்

அவர் ஒரேயடியாக என்னைக் கண்டுகொள்ளவில்லை என்றும் சொல்லிவிட முடியாது. கல்யாணமான அடுத்த மாதமே மணப்பாட்டுக்குக் கூட்டிக்கொண்டு போனார். புதுப்பெண்டாட்டியோடு காரில் கடற்கரைக்கு! தெருவே வேடிக்கை பார்த்தது. பட்டுச்சேலை கட்டி, தலை நிறையப் பூ வைத்துக்கொண்டு ஏறினேன்.

போகிற வழியெல்லாம் வேகமாகப் போவதும், திடீரென்று பிரேக்கை அழுத்துவதுமாக வந்தார். நான் கதவைப் பிடித்தபடியே வந்தேன். மணப்பாட்டில், மேட்டில் இருக்கிற சிலுவைக் கோயிலுக்குக் கீழே வண்டியை நிறுத்தினார். கடல் காற்று சேலையைப் பிய்த்துக்கொண்டு போனது. கீழே வலை காயப்போட்டிருந்தார்கள். இப்போதாவது ஏதாவது சொல்லுவார் என்று நின்றேன்.

"அந்தக் கூஜாவ எடு" என்றார்.

தாகம் போலிருக்கிறது என்று தண்ணீர்க் கூஜாவை ஓடிப்போய் எடுத்துக் கொடுத்தேன். வாங்கிக் குனிந்து, ஒவ்வொரு சக்கரத்துக்கும் உள்பக்கமாக பிரேக் டிரம்மில் இரண்டு சொட்டு தெளித்தார். சுர்ர் என்று ஆவி வந்தது. நாலு சக்கரத்திலும் கூஜா காலியாகும்வரை திரும்பத் திரும்பத் தெளித்துக் காதைக் கொடுத்துக் கேட்டார். ஒரு சக்கரம் மட்டும் சத்தம் போடவில்லை. அந்தப் பக்கம் பிரேக் சரியாகப் பிடிக்கவில்லையாம், அதனால்தான் சூடாகவில்லையாம். முகமெல்லாம் சந்தோஷம். உடனே வீடு திரும்பிவிட்டோம்.

கோயிலுக்குள்கூடப் போகவில்லை. குடிக்கவும் தண்ணீர் மிச்சமில்லை. ஊர் வந்து சேரும்வரை பூ வாடிக்கொண்டே வந்ததை இப்போது நினைத்தாலும் எனக்கு ஆத்திரம் வருகிறது.

இரண்டு ஆள் வேலை

அந்த வீட்டில் எனக்குப் பேச ஆள் கிடையாது. மாமியார் முன்பே காலமாகிவிட்டார். மாமனார் விடிந்ததும் உப்பு ஆபீசுக்குப் போனால் விளக்கு வைக்கத்தான் வருவார். பெரிய வீடு, உயரமான கூரை. ஏரலில் பாத்திரம் உருளுகிற சத்தத்துக்கு நடுவிலேயே வளர்ந்தவள் நான். தூத்துக்குடி வீட்டில் மத்தியானத்தில் சுவர்க்கடிகாரம் ஓடுவது ஒவ்வொரு அறையிலும் கேட்கும். கடல் தாண்டி இலங்கையிலிருந்து வருகிற ரேடியோவைப் போட்டுவிட்டு அதற்குப் பதில் சொல்லிக்கொண்டிருப்பேன். "நேயர்களே, வணக்கம்" என்று அவர்கள் சொன்னால் நானும் வணக்கம் சொல்லுவேன். சிரிக்காதீர்கள், அப்படி இருந்தவர்களுக்குத்தான் அது தெரியும்.

அதனால்தான் பந்தயத்துக்கு முந்தின அந்த ஒரு நாளுக்காக நான் வருடம் முழுவதும் காத்திருந்தேன்.

மழைக்காலம் முடிந்து உப்பளத்தில் வேலை தொடங்குவதற்கு முன்னால், பிரேக்கை முழுக்கப் பிரித்து மாட்டுவார். நாலு சக்கரத்தையும் கழற்றி, டிரம்மை எடுத்து, உள்பக்கம் பளபளவென்று வரும்வரை உப்புத்தாள் போட்டுத் தேய்ப்பார். அதற்குள்ளே போய் அழுத்துகிற ஷூக்களில் லைனிங் தேய்ந்திருக்கிறதா என்று பார்ப்பார். அந்த ஷூக்களை இழுத்துப் பிடிக்கிற ஸ்பிரிங் இருக்கிறதே, அது ராட்சசன். ஒருவர் அழுத்திப் பிடித்தால்தான் இன்னொருவர் கொக்கியை மாட்ட முடியும். நான்தான் பிடிப்பேன்.

அப்புறம் பிரேக் ஆயில். அது காற்றில் இருக்கிற ஈரத்தைக் குடிக்கும். மழைநாளில் நம் அடுப்பங்கரை உப்பு ஜாடி கசிகிறது பாருங்கள், அதே குணம். கடலோரத்தில் கேட்கவே வேண்டாம். ஈரம் சேர்ந்த ஆயில், பந்தயத்தில் பிரேக் சூடேறியதும் குழாய்க்குள்ளேயே கொதித்துவிடும். மிதித்தால் பெடல் பஞ்சுபோல உள்ளே போய்விடும், வண்டி நிற்காது. ஆகவே வருடா வருடம் பழையதை முழுக்க வெளியேற்றிப் புதியது ஊற்ற வேண்டும். ஊற்றும்போது காற்றுக் குமிழி ஒன்றுகூட உள்ளே தங்கக்கூடாது. குமிழியை விரட்டத்தான் ஒருவர் மிதிக்க வேண்டும், ஒருவர் கீழே குழாயைத் திறந்து மூட வேண்டும். அவர் மூடுவதற்கு முன் நான் காலை எடுத்துவிட்டால் காற்று திரும்ப உள்ளே போய்விடும். அவர் குரலுக்குக் காத்துக்கொண்டு நான், என் காலை நம்பிக்கொண்டு அவர்.

வாயைத் திறந்தால் முத்தா உதிர்ந்துவிடும் என்று கேட்கத் தோன்றுகிற மனுஷன், அன்றைக்கு மட்டும் காலையிலிருந்து சாயங்காலம் வரை என்னோடு இருப்பார். எனக்கு அது போதுமாக இருந்தது என்று சொல்லமாட்டேன். ஆனால் இருந்தது அது ஒன்றுதான்.

ஒரு முழ ரப்பர் குழாய்

புதுத் துறைமுகத்துக்குப் பெரிய கப்பல்கள் வரத் தொடங்கியிருந்த சமயம். ஒரு நாள் காலையில் இட்லி சாப்பிட உட்கார்ந்தவர், சட்டைப் பையிலிருந்து ஒரு ரப்பர் குழாயை எடுத்து என் முன்னால் வைத்தார். ஒரு முழம் இருக்கும். ஒரு முனை அடைத்திருந்தது, பக்கத்தில் சின்னக் கீறல்.

"கப்பல்ல வந்த இஞ்சினியர் ஒருத்தர் குடுத்தாரு" என்றார். "ஆயிலு வெளிய வரும், காத்து உள்ள போவாது. கீறல் தானா மூடிக்கிடும். ஒராளே மிதிச்சுக்கிடலாம்."

நான் குழாயைப் பார்த்தேன்.

"இனிமே நீ வர வேண்டாம்" என்றார். முகத்தில் அந்த மணப்பாட்டுச் சந்தோஷம்.

"சரி" என்றேன். சட்னியை ஊற்றினேன். அவர் போன பிறகு ரேடியோவைக்கூடப் போடவில்லை. ஒரு முழ ரப்பர் என்னை அந்த சீட்டிலிருந்து எழுப்பிவிட்டது என்று நினைக்க நினைக்க அழுகை பொத்துக்கொண்டு வந்தது. யாரிடம் போய்ச் சொல்ல? என் புருஷன் என்னை பிரேக் மிதிக்கக் கூப்பிடவில்லை என்று அப்பாவுக்குக் கடிதம் எழுத முடியுமா?

பிரேக் வேலைக்கு உட்கார்ந்த அன்று, பொழுது சாய்ந்த பிறகுதான் வீட்டுக்கு வந்தார். ஒற்றை ஆளாக ஸ்பிரிங்கோடு மல்லுக்கட்டி விரலெல்லாம் கிழிந்திருந்தது. மற்ற வருடங்களில் இந்நேரம் எல்லாம் மாட்டி முடித்திருப்போம். "டிரம் மாட்டல. நாளைக்குத்தான்" என்றார்.  மஞ்சளைக் குழைத்துக் கொண்டுபோய்ப் பக்கத்தில் வைத்துவிட்டு வந்தேன். அவரே பூசிக்கொண்டார்.

பெடல் கல்லு மாதிரி

மறுநாள் சாப்பாட்டை வாங்கிப்போக உப்பளத்திலிருந்து ஆள் வந்தபோது, "நானே கொண்டு போறேன்" என்று ரிக்‌ஷாவில் ஏறிவிட்டேன். அன்பினால் என்று நினைக்காதீர்கள். அந்தக் குழாய் தோற்றுப்போவதைக் கண்ணால் பார்க்க வேண்டும் என்ற கோபத்தில் போனேன்.

தோற்கவில்லை. கொட்டகை வாசலில் கார் தயாராக நின்றது. நாலு சக்கரமும் மாட்டியாகிவிட்டது. உள்ளே உட்கார்ந்து பெடலை மிதித்து மிதித்துப் பார்த்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் இசக்கி அண்ணாச்சி. கடல் தண்ணீரை இறைத்துப் பாத்திகளுக்கு விடுகிற பம்பைப் பார்த்துக்கொள்கிறவர். மாமனார் காலத்திலிருந்து அங்கேயே இருக்கிறார்.

"பெடல் கல்லு மாதிரி இருக்கு அண்ணாச்சி. காத்தே இல்ல" என்றார் என் வீட்டுக்காரர்.

"மொதலாளி கை பட்டா பின்ன?" என்றார் அண்ணாச்சி.

என் வீட்டுக்காரர் என்னைப் பார்த்து, "இந்தா, ஒரு ஓட்டு ஓட்டிட்டு வந்து சாப்பிடுதேன்" என்று சொல்லிவிட்டுக் கிளம்பிப் போய்விட்டார். எப்போதும் முதலில் கொட்டகையைச் சுற்றி மெதுவாக ஓட்டிப் பார்ப்பார். அன்றைக்குத் தனியாகச் செய்து முடித்த பெருமை. நேரே உப்பளச் சாலைக்கு ஏறிவிட்டார்.

அந்தச் சாலை வரப்புக்கு மேலே நூல் பிடித்தாற்போல் போகும். கடைசியில் இடதுபக்கம் ஒரு திருப்பம். திருப்பத்துக்கு நேர் எதிரே, கடல் தண்ணீரைத் தேக்கிவைக்கிற பெரிய பாத்தி.

நான் வாசலில் நின்று பார்த்தேன். கார் வேகம் பிடித்தது. அவர் சொன்னதுபோலவே கடைசி வரைக்கும் பிரேக்கைத் தொடவில்லை போலிருக்கிறது. அப்புறம் பின்னால் சிவப்பு விளக்கு எரிந்தது. எரிந்தது, எரிந்துகொண்டே இருந்தது. கார் நிற்கவில்லை. திருப்பத்தைத் தாண்டி, வரப்பிலிருந்து இறங்கி, தண்ணீரை இரண்டாகப் பிளந்துகொண்டு பாத்தியின் நடுவில் போய் நின்றது.

சாப்பாட்டுக் கேரியரை எங்கே போட்டேன் என்று தெரியாது. ஓடினேன்.

கடல் தின்னக்கூடாது என்று

இசக்கி அண்ணாச்சி எனக்கு முன்னால் ஓடினார். கார் தண்ணீரில் தடுமாறி நின்ற இடத்திலிருந்து காற்றில் ஒரு வாடை வந்தது. சூடான இரும்பில் மீன் எண்ணெய் தீய்கிற வாடை. அதை மோந்ததும் அண்ணாச்சி வரப்பிலேயே நின்றுவிட்டார். தலையில் கைவைத்துக்கொண்டார்.

உங்களில் கடலோரத்துக்காரர்களுக்குச் சொல்ல வேண்டாம். மற்றவர்களுக்குச் சொல்கிறேன். உப்பளத்தில் இரும்பை வெறுமனே ஒரு ராத்திரி வைக்கக்கூடாது. விடிவதற்குள் துரு ஏறிவிடும். மண்வெட்டியோ, பம்பின் உறுப்போ, பளபளப்பாக எது கிடந்தாலும் வேலை முடிந்து போகிறவர் சுறா எண்ணெயைத் துணியில் தொட்டு ஒரு பூச்சு பூசிவிட்டுத்தான் போவார். யாரும் சொல்ல வேண்டியதில்லை.

முந்தின நாள் சாயங்காலம் என் வீட்டுக்காரர் நாலு டிரம்மையும் தேய்த்து, சாக்கில் வரிசையாகக் கவிழ்த்துவிட்டு வந்திருக்கிறார். அத்தனை வருடத்தில் அவை ஒரு ராத்திரிகூட அப்படி வெளியே கிடந்ததில்லை. இரண்டு பேராகச் செய்யும்போது அன்றைக்கே மாட்டிவிடுவோமே. அண்ணாச்சி பம்பை நிறுத்திவிட்டு வந்து பார்த்திருக்கிறார்.

"வெறும் இரும்பா கெடந்துச்சு தாயி" என்றார். அழுகிற குரல். "மொதலாளி கைய கிழிச்சுக்கிட்டு தேச்ச சாமான கடல் தின்னுருமேன்னு, உள்பக்கம் நல்லா பூசி, தொடச்சு வச்சேன். அவுகளுக்குச் சொல்லல. சொல்லுததுக்கு என்ன இருக்கு, தெனமும் செய்யிததுதான?"

கொட்டகை முழுக்க எப்போதும் அந்த எண்ணெய் வாடைதான், ஆகவே மாட்டும்போது இவருக்கும் வித்தியாசமாகத் தெரியவில்லை. ஆயிலில் காற்று இல்லை. பெடல் கல்லுப்போலத்தான் இருந்தது. ஆனால் ஷூ போய் டிரம்மை அழுத்தினால் வழுக்கிக்கொண்டு ஓடியிருக்கிறது. கைப்பிரேக்கும் பின்சக்கரத்து டிரம்முக்குள்ளேதான் பிடிக்க வேண்டும். அதுவும் வழுக்கிவிட்டது.

"லாரியும் கயிறும் கொண்டு வாங்க அண்ணாச்சி" என்று அவரை அனுப்பிவிட்டுத் தண்ணீரில் இறங்கினேன்.

காருக்குள்

தண்ணீர் முழங்காலுக்கு மேல் வந்தது. சேறு காலைப் பிடித்து இழுத்தது. அவர் இரண்டு கைகளாலும் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு நேரே பார்த்தபடி உட்கார்ந்திருந்தார்.

"அடி பட்டுருச்சா?"

"இல்ல."

"பின்ன ஏன் எறங்காம இருக்கீக?"

"கால் நடுங்குதுளா" என்றார். "எறங்குனா விழுந்துருவேன்."

சுற்றிக்கொண்டு போய் மறுபக்கக் கதவைப் பலங்கொண்டமட்டும் இழுத்துத் திறந்தேன். தண்ணீர் உள்ளே புகுந்தது. பக்கத்து சீட்டில் ஏறி உட்கார்ந்தேன். மணப்பாட்டுக்குப் பிறகு அந்த சீட்டில் உட்கார்ந்தது அன்றைக்குத்தான். இரண்டு பேர் பாதமும் தண்ணீரில் கிடந்தன. தூரத்தில் கப்பல் ஒன்று ஊதியது.

அவர் செத்திருக்கலாம். அதை நினைத்ததும் எனக்குப் பயம் வரவில்லை, கோபம்தான் வந்தது.

"நான் இருந்திருந்தா அன்னைக்கே மாட்டி முடிச்சிருப்போம்லா?" என்று கத்தினேன். "ஒரு நாள், வருசத்துக்கு ஒரு நாள் என்னையக் கூப்பிடுவீக. அதுக்கும் ஒரு ரப்பரக் கொண்டாந்து நான் வேண்டாம்னு ஆக்கிட்டீகளே. அந்த வீட்டுல நான் யாருகூடப் பேச? ரேடியோகூடயா?"

அவர் திரும்பினார். இவள் என்ன சொல்கிறாள் என்று புரியாத முகம்.

"நீதான போன வருசம் சொன்ன?"

"நான் என்ன சொன்னேன்?"

"மிதிச்சு மிதிச்சு முட்டி விட்டுப்போச்சு, வலிக்குன்னு சொன்னல்லா. அதுலருந்து ஹார்பருக்கு வார கப்பல்காரங்க ஒருத்தர் பாக்கி இல்லாமக் கேட்டேன். ஒராள் மிதிக்கதுக்கு எதுவும் இருக்கான்னு. இப்பந்தான் கெடச்சுது."

சொல்லியிருக்கிறேன். நினைவுக்கு வந்தது. அவர் கீழே படுத்துக்கொண்டு "மிதி" என்றபோது வேண்டுமென்றே சொன்னேன். அதற்கு அவர் "ம்" என்றார், அடுத்த "பிடி"யும் சொன்னார். கேட்கவே இல்லை என்று நினைத்துக்கொண்டேன். கேட்டிருக்கிறது. ஒரு வருடமாக அதை மனதில் வைத்துக்கொண்டு கப்பல் கப்பலாகக் கேட்டுத் திரிந்திருக்கிறார். என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. இந்த மனுஷனை என்ன செய்ய?

"எனக்கு அன்னைக்கு வலிக்கவே இல்ல" என்றேன்.

"பின்ன எதுக்குச் சொன்ன?"

"அப்படிச் சொன்னா நீங்க வெளிய வந்து என்னையப் பாப்பீகன்னு சொன்னேன்."

 காரைச் சுற்றித் தண்ணீர் அலம்பிக்கொண்டிருந்தது. சாலையில் லாரி இன்னும் வரவில்லை.  கடைசியில் அவர் தயங்கித் தயங்கிக் கேட்டார்.

"இப்பம் வலிக்கா?"

"வலிக்கு" என்றேன்.

ஸ்டியரிங்கிலிருந்து கையை எடுத்துவிட்டு, குனிந்து என் முட்டியைப் பார்த்தார்.